ரகசியமாம் ரகசியம்! பூட்டி வைத்தால் பூச்சிதான் படிக்கும்

பி.காம் முதல் வருஷத்துப் பையனை நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் லூகா பசியோலி என்ற பெயரைச் சொல்லிவிடுவான். இரட்டைப் பதிவு முறையின் தந்தை, இரண்டு மார்க், அடுத்த கேள்வி. 1494-ல் வெனிஸ் நகரத்தில் அவருடைய 'சும்மா' என்கிற கணிதப் புத்தகம் அச்சானது. (பெயர்தான் சும்மா. ஆள் சும்மா இருந்தவர் இல்லை.) இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்தவர் அவர் கிடையாது. வெனிஸ் வியாபாரிகள் அதற்கு முன்பே அப்படித்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். பசியோலி செய்தது ஒன்றே ஒன்று. லத்தீனில் எழுதாமல், கடைக்காரனும் படிக்கிற இத்தாலிய மொழியில் அதை விளக்கமாக எழுதி அச்சாபீசுக்குக் கொடுத்தார். அந்த முறை ஐரோப்பா முழுக்கப் பரவியது. இன்றைக்கு மூலைக்கடை முதல் ரிசர்வ் வங்கி வரை அதில்தான் ஓடுகிறது.

அதே பசியோலி இன்னொரு புத்தகமும் எழுதினார். இது எந்த கைடிலும் இருக்காது. 'டி விரிபஸ் குவான்டிடாடிஸ்' என்று பெயர். எண் புதிர்கள், சீட்டு வித்தை, காசு வித்தை, முட்டையை மேஜை மேல் நடக்க வைப்பது, நெருப்போடு விளையாடுவது என்று ஏகப்பட்ட சரக்கு. லியனார்டோ டாவின்சியின் நண்பர் எழுதிய மேஜிக் புத்தகம்! இது அச்சுக்குப் போகவில்லை. ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழக நூலகத்தில் தூங்கியது. ஒன்றிரண்டு அறிஞர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதன்முதலாக அச்சில் வந்தது 1997-ல். ஆங்கில மொழிபெயர்ப்பு முடிந்த செய்தி வந்தது 2007-ல். கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ 500 வருஷம்.

ஒரே ஆசிரியர், இரண்டு புத்தகம். ஊருக்கே கொடுத்தது ஒரு தொழிலையே உருவாக்கியது. ஒற்றைப் பிரதியாகக் கிடந்ததால் எந்த மேஜிக்காரனுக்கும் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

இப்போது பழைய மேஜிக் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடாதே என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் வரலாம். அவர்கள் சொல்வது ஒன்றுதான்: ரகசியம் வெளியே போனால் மேஜிக் செத்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லண்டனில் 1905-ல் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் ரகசியத்தை வெளியே சொல்லாமையையே தன் லத்தீன் வாசகமாக வைத்திருக்கிறது. அதன் முதல் தலைவர் டேவிட் டெவன்ட், அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய மேஜிக் நட்சத்திரம். பின்னால் நரம்புத் தளர்ச்சி வந்து மேடையை விட்டே விலக வேண்டியதாயிற்று. 1936-ல் தன் வித்தைகளைப் புத்தகமாக எழுதினார். அதன் பகுதிகள் ஒரு பத்திரிகையிலும் வந்தன. சங்கம் என்ன செய்தது? கையும் காலும் ஒத்துழைக்காத அந்தப் பெரியவரை உறுப்பினர் பட்டியலில் இருந்து தூக்கியது. திருடியது யாருடைய வித்தையை? தன்னுடைய வித்தையை! அடுத்த வருஷமே சமாதானமாகி கௌரவ உறுப்பினர் ஆக்கினார்கள் என்பது வேறு விஷயம். அவர் புத்தகம் வந்ததால் லண்டனில் ஒரு மேஜிக் ஷோவாவது மூடப்பட்டதா என்றால், இல்லை.

சங்கத்துக்காரர்கள் கும்பிடுகிற பெரிய சாமிகள் எல்லாம் எப்படி உருவானார்கள் என்று பார்த்தால் இன்னும் தமாஷ்.

பிரான்ஸில் ராபேர் ஊதான். நவீன மேஜிக்கின் தந்தை என்று அழைக்கப்படுகிறவர். கடிகாரம் செய்கிற குடும்பம். கடிகாரத் தொழில் பற்றிய புத்தகம் வாங்கக் கடைக்குப் போனாராம். கடைக்காரர் தவறுதலாகக் கட்டிக் கொடுத்தது வேறு ஒரு புத்தகம், அதில் வித்தைகளின் செய்முறை. வீட்டுக்கு வந்து பிரித்தவர், திருப்பிக் கொடுக்கவே இல்லை. இது அவரே சுயசரிதையில் எழுதியது. மேஜிக்காரர் எழுதிய சுயசரிதை என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சுயசரிதையை அமெரிக்காவில் எரிக் வைஸ் என்ற ஏழைப் பையன் படித்தான். படித்துப் பைத்தியமாகி, ஊதான் பெயரோடு ஒரு எழுத்தைச் சேர்த்து ஹூடினி ஆனான். அதில் கழிக்க எதுவும் இல்லை. பெயரே சாட்சி. (பின்னால் அதே ஊதானைத் திட்டி 1908-ல் ஹூடினி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். குருவை மிஞ்சிய சிஷ்யர்கள் உண்டு, குருவின் மானத்தை வாங்கிய சிஷ்யர் இவர்தான்.)

அடுத்தது எர்ட்னேஸ். 1902-ல் சிகாகோவில் அவர் பெயரில் சீட்டாட்டக் கைவேலை பற்றி ஒரு புத்தகம் வந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்று இன்று வரை தெரியாது. உலகத்தைத் திருத்துவதற்காக எழுதவில்லை, காசு தேவைப்படுகிறது என்று முன்னுரையிலேயே போட்டு உடைத்த நேர்மையாளர். கனடாவின் ஒட்டாவாவில் 1894-ல் பிறந்த டாய் வெர்னன் அந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூட வயதிலேயே கரைத்துக் குடித்தார். அந்த வெர்னன்தான் 1922-ல் ஹூடினியின் கண் முன்னாலேயே ஒரு சீட்டு வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்து, அவரைத் திணற அடித்தவர். கடையில் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற புத்தகத்தைப் படித்து வளர்ந்த ஒருவர், உலகப் புகழ் ஹூடினியை ஏமாற்றுகிறார். ரகசியம் வெளியே போனதால் மேஜிக் செத்ததா, பிறந்ததா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 1933-ல் அமெரிக்காவில் ஒரு சிகரெட் கம்பெனி, விளம்பரத்துக்காகப் பத்திரிகைகளில் மேஜிக் ரகசியங்களைப் படம் போட்டு உடைத்தது. 1997-ல் ஃபாக்ஸ் டிவியில் முகமூடி போட்ட ஒருவர் வந்து அதையே செய்தார். மேஜிக்காரர்கள் கொதித்தார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறவனிடம், அவன் கேட்காமலேயே ரகசியத்தைத் தூக்கிப் போடுவது கல்யாண வீட்டில் மொய் கவரைப் பிரித்து மைக்கில் வாசிக்கிற வேலை. ஆனால் புத்தகம் அப்படியா? எர்ட்னேஸ் புத்தகத்தில் ஒரே ஒரு போலிக் கலைப்பை விளக்குகிற பக்கங்களைப் படித்துப் பாருங்கள். எந்த விரல் எந்த மூலையில், எந்தச் சீட்டு எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்று கம்பெனிச் சட்டப் புத்தகம் மாதிரியே இருக்கும். பரீட்சை வைக்காமல் இதை ஒருத்தன் முழுசாகப் படிக்கிறான் என்றால், அவன் ரகசியத்தைத் திருட வந்தவன் இல்லை. கற்றுக்கொள்ள வந்தவன். படித்து முடித்த பிறகும் விரல் வளைய மாசக்கணக்கில் ஆகும். பூட்டு புத்தகத்தின் மேல் வேண்டியதில்லை, உழைப்பே பூட்டு.

இன்னொரு கோணமும் இருக்கிறது. இதைச் சங்கத்துக்காரர்கள் பேசவே மாட்டார்கள். மேஜிக் ரகசியத்தை எழுதி வைப்பது சில சமயம் உயிரைக் காப்பாற்றுகிற வேலை.

இங்கிலாந்தில் சூனியக்காரி என்று குற்றம் சாட்டிக் கிழவிகளைத் தூக்கில் போட்ட காலம். கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் 1584-ல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். சூனியம் என்று ஒன்று இல்லை, மனிதன் கையால் என்னென்ன அற்புதம் காட்டலாம் பாருங்கள் என்று சொல்லி, நாக்கில் ஊசி குத்துவது, தலையை வெட்டித் தட்டில் வைப்பது எல்லாவற்றையும் படத்தோடு விளக்கினார். இதற்காக லண்டனில் இருந்த ஒரு பிரெஞ்சு வித்தைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் மேஜிக் செய்முறையை விளக்கிய முதல் முக்கியமான புத்தகம் இதுதான். ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ் 1597-ல் பேய் பிசாசு பற்றி எழுதிய தன் புத்தகத்தில் ஸ்காட்டின் பெயரைச் சொல்லியே திட்டினார். அரசருக்கே எரிச்சல் வந்தது என்றால் புத்தகம் சரியான இடத்தில் குத்தியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு வந்த ஆங்கில மேஜிக் புத்தகங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஸ்காட்டைப் பார்த்துத்தான் காப்பியடித்தன.

நானூறு வருஷம் கழித்து அதே வேலையைச் செய்தவர் கோவை போத்தனூரில் இருந்தார். 2009-ல் மறைந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த். வெறுங்கையில் விபூதி வரவழைப்பது, நெருப்பு மிதிப்பது, நாக்கில் வேல் குத்துவது என்று சாமியார்கள் காட்டுகிற அத்தனை அற்புதங்களையும் தானே ஊர் ஊராகச் செய்து காட்டி, எப்படி என்றும் சொன்னார், புத்தகமாகவும் எழுதினார். அவர் நாக்கில் வேல் குத்திக் காட்டியதும் ஸ்காட் படம் போட்டு விளக்கியதும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. மேடையில் கைதட்டு வாங்குகிறவர், இது தந்திரம் என்று சொல்லிவிட்டுத்தான் ஏமாற்றுகிறார். அதே தந்திரத்தைக் கடவுள் சக்தி என்று விற்கிறவருக்கு ரகசியம்தான் முதலீடு. ரகசியத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்று என்கிறவர்கள் யாருடைய முதலைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

அடுத்து சேகரிப்பாளர்கள். இவர்கள் தனி ஜாதி. ரகசியம், கலை, மரபு என்று ஜல்லியடிப்பார்கள். தோண்டிப் பார்த்தால் விஷயம் முதல் செமஸ்டர் எகனாமிக்ஸ். சப்ளை குறைந்தால் விலை ஏறும். அலமாரியில் இருக்கிற அபூர்வப் புத்தகம் நாளைக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டால் அபூர்வம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயமும் தப்புக் கணக்கு. எர்ட்னேஸ் புத்தகம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனாலும் டோவர் போன்ற பதிப்பகங்கள் அதை அச்சிட்டு விற்றன, வாங்க ஆள் இருந்தது. 1902-ம் வருஷத்து முதல் பதிப்பின் மதிப்பும் குறையவில்லை. படிக்கிறவன் வேறு, முதல் பதிப்பை வாங்குகிறவன் வேறு.

காகிதத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் இருந்து மரக்கூழில் செய்த மலிவான காகிதத்தில் அமிலம் அதிகம். தானே மஞ்சளாகி, தானே நொறுங்கும். பூட்டி வைத்தாலும் நொறுங்கும். மேஜிக் புத்தகங்களில் பெரிய பெரிய கட்டுப் புத்தகங்கள் பிழைத்துவிடும். கடைகளில் விற்ற மெல்லிய கையேடுகளும் பத்திரிகைகளும்தான் முதலில் போகும். 1902 முதல் 1953 வரை வந்த 'ஸ்ஃபிங்ஸ்' மாதிரிப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள் எல்லாம் இந்த ஆபத்தில் இருப்பவை. உறுப்பினருக்கு மட்டும் திறக்கிற நூலகத்தில் ஒன்று, செத்துப்போன சேகரிப்பாளர் வீட்டுப் பரணில் ஒன்று என்று கிடந்தால், பரணில் இருப்பது எடைக்குப் போகிற அன்று கேட்க ஆள் இருக்காது.

ஹூடினி இந்த விஷயத்தில் சரியாக நடந்துகொண்டார். உலகத்திலேயே அதிக ரகசியம் வைத்திருந்த ஆள் அவர். 1926-ல் இறந்தபோது தன் புத்தகங்களை எந்தச் சங்கத்தின் பூட்டுக்குள்ளும் போடச் சொல்லவில்லை. ஏறத்தாழ 4,000 புத்தகங்கள் 1927-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின, பொதுச் சொத்தாக.

இதெல்லாம் படித்துவிட்டு, ஆஹா, அப்படியானால் கிடைக்கிற பி.டி.எஃப் எல்லாம் அள்ளலாம் என்று கிளம்புகிற கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. உயிரோடு இருக்கிற மேஜிக்காரர் வருஷக்கணக்கில் யோசித்து எழுதிய புத்தகத்தை ஸ்கேன் போட்டு விநியோகிப்பது திருட்டு. அதற்குப் பாதுகாப்பு, சேவை என்றெல்லாம் பெயர் வைக்கக்கூடாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 வருஷம் பதிப்புரிமை உண்டு. பி.சி. சர்க்கார் 1971-ல் காலமானார், ஆகவே அவர் எழுதிய புத்தகங்கள் 2031 முடியும் வரை அவர் வாரிசுகளுடையவை. 'மாடர்ன் மேஜிக்' எழுதிய ஹாஃப்மன் விஷயம் வேறு. நிஜப் பெயர் ஏஞ்சலோ லூயிஸ், தொழில் வக்கீல். புத்தகம் வந்தது 1876-ல், அவர் இறந்தது 1919-ல். அதைப் பகிர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதைப் பகிராதே என்று அதட்டுகிறவருக்குச் சட்டத்திலும் இடமில்லை, வரலாற்றிலும் இடமில்லை.

ஹாஃப்மன், ஸ்காட் எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறார்கள். ஆனால் இயந்திரம் படித்துக் கொடுக்கிற எழுத்துகள் பல இடங்களில் கண்றாவி. புராஜெக்ட் குட்டன்பெர்க்குக்காகப் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிழை திருத்த 2000-ல் இருந்து தன்னார்வலர் குழு ஒன்று இயங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் திருத்தினாலும் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் தாத்தாவின் பெட்டியிலோ பழைய புத்தகக் கடையிலோ நூறு வருஷத்து மேஜிக் புத்தகம் கிடைத்தால், முதுகு உடையும் அளவுக்கு விரித்து ஸ்கேனரில் அமுக்க வேண்டாம். பாதி திறந்து வைத்து மேலிருந்து படம் எடுத்தால் போதும். தலைப்புப் பக்கத்தையும் அச்சிட்ட வருஷத்தையும் விடாமல் எடுக்க வேண்டும். கடைசியில் இருக்கிற கடை விளம்பரப் பக்கங்களையும்தான். அந்தக் காலத்தில் ஒரு வித்தைச் சாமான் என்ன விலைக்கு விற்றது என்பது வேறு எங்கேயும் கிடைக்காது.

டிஸ்கி: இந்தக் கட்டுரையில் எந்த வித்தையின் ரகசியமும் வெளியிடப்படவில்லை. சங்கத்துக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். :-)