பொருட்காட்சியும் உப்பளச் சிறுவரும்

பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் விஞ்ஞானப் பொருட்காட்சிகளைக் கண்டுவரும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். மேசையின்மேல் இருக்கும் பொருள் மிக அழகாக இருக்கும். அதன் பின்னே நிற்கும் பிள்ளையின் முகமோ வாடியிருக்கும். அப்பொருளைச் செய்தவர் தந்தையாகவோ, தமையனாகவோ, காசு பெற்றுச் செய்துகொடுக்கும் கடைக்காரராகவோ இருப்பர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப்பற்றி யான் இங்கே கவலையுறவில்லை. அவர்கட்கு வேறு வாய்ப்புகள் பல உண்டு. வறியவர் பிள்ளைகட்கு உதவப் புகுந்த நம்மனோரும் அதே பிழையைச் செய்கின்றோம் என்பதே என் வருத்தம். செய்தவருள் யானே முதல்வனாதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

நம் கலாசாலை மாணவர் சிலர் தூத்துக்குடியை அடுத்த உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மாலை வகுப்பு நடத்திவருதல் இம்மலரைப் படிப்போர் அறிந்ததே. யான் கலாசாலையிற் சேர்ந்த ஆண்டில், அங்குள்ள ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் பள்ளிப் பொருட்காட்சிக்கு ஏதேனும் செய்துதர வேண்டும் என்று கேட்டான். "செய்துதர வேண்டும்" என்றே கேட்டான். "செய்யக் கற்பிக்க வேண்டும்" என்று கேட்கவில்லை. அவ்வேறுபாடு அன்று எனக்குப் புலப்படவில்லை. விடுதி அறையில் இரண்டிரவு கண்விழித்துக் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் எரிமலை ஒன்று செய்தோம். அதன் வாயில் சமையற் சோடாவை இட்டுச் செஞ்சாயம் கலந்த காடியை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். சிறுவனுக்கு ஆங்கிலத்திற் பத்து வாக்கியங்கள் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்வித்தோம். அவன் ஒரு சொல்லும் தவறாது ஒப்பித்தான். எங்கட்குப் பெருமை தாங்கவில்லை.

பொருட்காட்சியன்று பரீட்சகர் வந்து நின்றார். ஒப்பித்தலை முழுதும் கேட்டபின், தமிழிலே, "தம்பி, உண்மையான எரிமலைக்குள்ளும் சோடாவும் காடியுந்தாம் இருக்கின்றனவா?" என்று வினவினார். சிறுவன் சற்றே தயங்கி, "ஆம், ஐயா" என்றான். சூழ நின்றோர் நகைத்தனர். உருகிய பாறையிற் கரைந்திருக்கும் நீராவி முதலிய வாயுக்களே எரிமலை பொங்குதற்குக் காரணம் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டும் என்று எங்கட்குத் தோன்றவும் இல்லை. பின்னே நின்ற யான் அந்த நகைப்பைக் கேட்டேன். அது என்மேல் விழ வேண்டிய நகைப்பு, அவன்மேல் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் வகுப்பிற்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நாலைந்து மாதம் வரையில் வரவேயில்லை.

மறு ஆண்டு அதே வகுப்புப் பிள்ளைகள் சிலர் மீண்டும் பொருட்காட்சியைப்பற்றிப் பேசியபோது, இம்முறை ஒன்றும் செய்துகொடுப்பதில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். "உங்கள் வீட்டில் நாள்தோறும் நடக்கும் எதைப்பற்றியேனும் ஐயம் உண்டா?" என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் ஒருவரும் வாய்திறக்கவில்லை. பிறகு ஒரு சிறுமி, "கடல்நீர் ஊற்றிய உடனே உப்பு ஏன் விழுவதில்லை? எங்கள் அம்மா டிகிரி ஏறவேண்டும் என்கிறாள். டிகிரி என்றால் என்ன?" என்று கேட்டாள்.

இரசாயனம் பயிலும் எனக்கே அவ்வினாவிற்கு உடனே விடை கூற இயலவில்லை என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன். நூல்களைப் புரட்டியபின் அறிந்தேன். 1768 இல் அந்துவான் போமே என்னும் பிரஞ்சுக்காரர் அமைத்த மிதவைமானியின் அளவையே உப்பளத்தில் டிகிரி என்பது. கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. வெயிலிற் பாத்திக்குப் பாத்தி மாறி வற்றி 25 டிகிரியளவு ஆகும்போது உப்புப் படியத் தொடங்கும். 29, 30 டிகிரிக்குமேல் விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசக்கும். ஆதலின் அதற்குமுன் அந்நீரை வெளியேற்றிவிட வேண்டும். எழுத்தறியாத தாய்மார் இவ்வளவையும் கைப்பழக்கத்தால் அறிந்து, விடியுமுன் எழுந்து சென்று வாரிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் பிள்ளைகட்கு யாம் எரிமலை செய்துகொடுத்தோம்! தமிழ்நாட்டில் எரிமலை எங்கே இருக்கின்றது?

பிள்ளைகள் வேலையைத் தொடங்கினர். உறிஞ்சுகுழல் ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து மிதக்கவிட்டு, அது கடல்நீரில் எவ்வளவு அமிழ்கின்றது, பாத்திநீரில் எவ்வளவு அமிழ்கின்றது என்று கோடிட்டுக்கொண்டனர். கோழிமுட்டை கடல்நீரில் மூழ்கிற்று. முற்றிய பாத்திநீரில் மிதந்தது. பின்னர் ஒரு நெகிழித் தட்டிலும் ஒரு மண்சட்டியிலும் லிட்டருக்கு லிட்டர் கடல்நீர் ஊற்றி வெயிலில் வைத்தனர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு என்பது நூற்கணக்கு. மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி நிறுத்தபோது தட்டில் 34 கிராம் இருந்தது. சட்டியிலோ 25 கிராமே இருந்தது.

இவ்விடத்தில் யான் பழைய பிழையையே மீண்டும் செய்தேன். சட்டியில் எங்கோ கீறல் இருக்கவேண்டும், அல்லது பிள்ளைகள் சிந்தியிருக்கவேண்டும் என்று கருதி, "இது சரியில்லை, காட்சிக்குத் தட்டு ஒன்றே போதும்" என்று சொல்லிச் சட்டியைச் சுவரோரத்தில் எறியச்செய்தேன். மேசையில் இருப்பது குறைவின்றி இருக்கவேண்டும் என்ற ஆசை அத்தனை எளிதில் ஒழிவதன்று. அந்த ஆசை பிள்ளைகளுடையதன்று, என்னுடையது. பரிசு வேண்டியவன் யானே என்பதை அன்று உணரவில்லை.

மறுநாள் மாலை, முன்னாண்டு எரிமலையின் பின்னே நின்ற அச்சிறுவன் எறிந்த சட்டியைக் கையிலேந்திக்கொண்டு வந்தான். மாலை வகுப்பிற்கு எப்போதாவது வந்து கடைசியில் அமர்ந்திருப்பானேயன்றி அவன் இவ்வேலையிற் சேர்ந்திருக்கவில்லை. சட்டியின் வெளிப்புறம் முழுதும் வெண்மையாக உப்புப் பூத்திருந்தது. "அண்ணே, உள்ளே குறைந்த உப்பு இதுதானே?" என்றான். மெருகிடாத மண்ணின் நுண்துளைகள் வழியே உவர்நீர் கசிந்து, வெளிப்புறத்திற் காற்றுப்பட்டு உலர்ந்து, உப்பை அங்கே விட்டிருக்கின்றது. தகட்டால் மெல்லச் சுரண்டி நிறுத்தோம். 6 கிராம் இருந்தது. ஆக 31. "மீதி?" என்று சிறுமி கேட்டாள். யான் ஒன்றும் சொல்லவில்லை. சிறுவனே சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கள் வீட்டுச் சுவரும் இப்படித்தான் முழங்கால் உயரம்வரை பூத்து உதிர்கிறது" என்றான். உப்பு சுவரின் உள்ளே புகுந்து, அங்கே படிகமாகிப் பருத்து, காரையைப் பெயர்க்கின்றது என்பதை அவன் அச்சட்டியைக்கொண்டே கண்டுகொண்டான். வருடந்தோறும் அவன் தந்தை கடன் வாங்கிப் பூசும் சுவர் அது.

விளக்கத்தாளில், "3 கிராம் எங்கே சென்றது என்று எங்களுக்குத் தெரியவில்லை, சட்டிக்குள்ளேயே இருக்கலாம்" என்று பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் எழுதினர். எங்களுடன் பணிசெய்யும் நண்பர் ஒருவர் அதனை அழித்துவிடச் சொன்னார். தெரியவில்லை என்று காட்சிமேசையில் எழுதிவைப்பது தோல்வியை ஒப்புவதாகும் என்பது அவர் கட்சி. நெடுநேரம் வாதித்தோம். தாள் அப்படியே சென்றது.

பரிசு கிடைக்கவில்லை. மின்பொறியால் ஏறி இறங்கும் பாலம் ஒன்றிற்கு முதற்பரிசு கொடுத்தனர். அதனைச் செய்தவர் இன்னார் என்பதை ஆராய எனக்கு மனமில்லை. ஆனால் பரீட்சகருள் ஒருவர் சட்டியருகே கால்மணி நேரம் நின்றார். "நீரை எப்போது வெளியேற்றுவார்கள்?" என்றார். "கசப்பு ஏறுமுன்" என்றாள் சிறுமி. "கசக்கும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்றார். "நக்கிப் பார்த்தோம், ஐயா" என்றாள். இம்முறையும் சிரிப்பு எழுந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். (ஆய்வுக்கூடத்திற் பொருள்களை நாவில் இட்டுப் பார்த்தல் கூடாது என்று பிற்பாடு நாங்கள் சொல்லவே சொன்னோம்.) சிறுவனை நோக்கி 3 கிராமைப்பற்றி வினவியபோது, "தெரியவில்லை, ஐயா. சட்டியை உடைத்துத் தூளாக்கி நன்னீரில் ஊறவைத்துப் பார்க்கவேண்டும். காட்சி முடியட்டும் என்று வைத்திருக்கிறோம்" என்றான். ஓராண்டுக்குமுன் "ஆம், ஐயா" என்ற அதே வாய்!

இதைக் கேட்கும் அன்பர் சிலர் ஓர் ஆட்சேபம் கூறுவர். "செல்வப் பிள்ளைகள் பளபளக்கும் பொறிகளோடு வரும்போது, ஏழைப் பிள்ளையை மண்சட்டியோடு நிறுத்துதல் நியாயமோ? ஏழைக்கு மண்ணே போதும் என்று சொல்வதாகாதோ?" என்பர். இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. வறுமையை அழகென்று பாராட்டும் கூட்டத்தில் யான் சேர்ந்தவனல்லன். நல்ல தராசும் நல்ல தாளும் வண்ணமும் அப்பிள்ளைகட்கு வேண்டும், கேளாமலே கொடுக்கவேண்டும். ஆனால் அவர்கள் குறையெல்லாம் பொருட்குறையே என்று எண்ணுதல் தவறு. ஓரறை வீட்டிற் செய்த பொருளை இரவில் வைக்க இடமில்லை. தம்பி தங்கை மிதித்துவிடுவர். காட்சியன்று காலையுணவு இராது. வேலை நாளாதலின் தாய் வந்தால் கூலி போகும். இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. செல்வப் பிள்ளை இரவில் உண்ணும்போதே தந்தை "இன்று பள்ளியில் என்ன செய்தாய்? ஏன்? எப்படி?" என்று கேட்கின்றார், அவ்வாறு நூறுமுறை விடைசொல்லிப் பழகியே அது மேசையின்முன் நிற்கின்றது. விடியுமுன் உப்பளம் சென்று களைத்துவரும் தாய்க்குக் கேட்க நேரம் ஏது? அப்பிள்ளையை ஒருவர் பொறுமையோடு வினவுவது சிலவேளை பரீட்சகரே முதன்முறையாக இருக்கும். யாம் கொடுக்கத் தக்கது அந்தக் கேள்விப் பழக்கமே. காட்சிக்குமுன் ஒரு வாரம் நாள்தோறும் மாறிமாறிச் சென்று, ஒன்றும் அறியாதவர்போல் அவர்களை வினவினோம். சட்டியைச் செய்ததைவிட அதுவே கடினமாக இருந்தது. வாய்நுனிவரை வந்த விடையை விழுங்கிக்கொள்ளுதல் கலாசாலை மாணவர்க்கு எளிதன்று!

இவ்வெண்ணம் புதிதுமன்று. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு சிறுவர்க்கான அகில இந்திய விஞ்ஞானப் பொருட்காட்சியை 1971 முதல் நடத்திவருகின்றது. அதற்கு மறு ஆண்டாகிய 1972 இல், மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. அங்கே பிள்ளைகள் தாமே சோதனை செய்து விடை கண்டனர்; புத்தகத்தைத் திறந்துவைத்தே பரீட்சை எழுதினர்; சவாலிராம் என்னும் கற்பனை மனிதருக்குத் தங்கள் ஐயங்களைக் கடிதமாக எழுதியனுப்பினர். 2002 இல் அரசாங்கம் அதனை நிறுத்திவிட்டது. எனினும் அங்கே சில மாதம் தங்கிச் சென்ற அரவிந்த குப்தா என்னும் பொறியியலார், தீக்குச்சியையும் மிதிவண்டியின் வால்வுக் குழாயையும்கொண்டு வடிவக்கணிதம் கற்பிக்கும் வகையைக் கண்டு, எறிபொருள்களிலிருந்து விளையாட்டுக் கருவிகள் செய்வதையே வாழ்நாட்பணியாக ஏற்றார். 1993 இல் தொடங்கிய தேசியச் சிறுவர் விஞ்ஞான மாநாடும் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையையே ஆராயவேண்டும் என்று வகுத்தது. மத்திய அரசாங்கத்தின் இன்ஸ்பயர் விருதிற்குத் தெரிந்தெடுக்கப்படும் பிள்ளைக்கு மாதிரிப்பொருள் செய்ய 10,000 ரூபாய் கிடைக்கின்றது. பணமும் மேடையும் உள்ளன. அப்பணம் நேரே மாதிரிப்பொருட் கடைக்குச் செல்லாதபடி பார்த்துக்கொள்வதில் நம்மைப்போன்றோர்க்குப் பங்குண்டு.

பரிசளிக்கும் முறையிலும் மாற்றம் வேண்டும் என்பது என் கருத்து. பொருளின் அழகிற்கு இடும் மதிப்பெண்ணில் ஒரு பாதியையேனும் பிள்ளையின் விடைகட்கு ஒதுக்கலாம். இதனை ஆசிரியன்மார் சிலரிடம் சொன்னபோது, நூறு மேசைக்கு நேரம் போதாது என்றனர். அதுவும் மெய்யே. அப்படியாயின் மேசைகளைக் குறைக்கலாம்.

காட்சி முடிந்தபின் சட்டியை உடைத்து ஊறவைத்து, அந்நீரை வற்றச்செய்தோம். கடைத் தராசில் ஒரு கிராமும் இரண்டு கிராமும் மாறி மாறிக் காட்டுகின்றன. அதனை நம்ப இயலாது என்கின்றான் சிறுவன். நம் இரசாயன ஆய்வுக்கூடத்தில் வழக்கொழிந்த பழைய தராசு ஒன்று கண்ணாடிப் பெட்டியோடு இருக்கின்றது. அதனை ஒரு மாதத்திற்கு இரவலாகத் தரும்படி பேராசிரியர் அவர்களிடம் விண்ணப்பித்திருக்கின்றோம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இராது. பெற்றோரும் அப்போது வீட்டில் இருப்பர். அதற்குள் தராசு கிடைத்தால் நலம்.