பள்ளிக்கூடம் யார் கையில்?

"கல்வியில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று நமக்கு உபதேசம் செய்யாத பெரிய மனிதர் இல்லை. கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் கிளர்ச்சி செய்தால் இந்த உபதேசம் வரும். சம்பளம் கேட்டு ஆசிரியர்கள் ஊர்வலம் போனால் இந்த உபதேசம் வரும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டாலும் இதே உபதேசம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தைத் தம் சொத்தாக வைத்திருந்தவர்கள், அந்தச் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு மந்திரி சபையையே கவிழ்க்கப் புறப்பட்டபோது இந்த உபதேசிகள் எங்கே போயிருந்தார்கள்? அப்போது அதற்குப் பெயர் அரசியல் அல்ல, "விமோசன சமரம்"!

1957 முதல் 1959 வரை கேரளத்தில் நடந்ததைத்தான் சொல்கிறோம். பழைய புண்ணைக் கிளறிப் பார்ப்பது நமது நோக்கமல்ல. அன்று எழுந்த கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் அதைத் திரும்பவும் எடுக்கிறோம்.

வயலும் பள்ளியும்

கல்விக்கும் வர்க்கத்துக்கும் உள்ள தொடர்பைக் கேரளத்தின் உழைப்பாளி மக்களுக்குப் புத்தகம் படித்து யாரும் சொல்லித் தரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருவிதாங்கூரில் புலையர் மக்களின் தலைவர் அய்யன்காளி, எங்கள் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார். கூலி உயர்வுக்காக அரிவாளைக் கீழே வைத்தவர்களை உலகம் அறியும். பிள்ளையின் படிப்புக்காக அரிவாளைக் கீழே வைத்த மக்கள் இவர்கள்! நிலத்தை வைத்திருந்தவன் பள்ளிக்கூடத்தின் கதவையும் பிடித்துக்கொண்டிருந்தான் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். உழுகிறவனின் மகன் எழுத்துப் படித்துவிட்டால் நாளை உழுவதற்கு யார் வருவான் என்ற அச்சம் நிலச்சுவான்தாரை ஆட்டியதையும் கண்டார்கள்.

இந்த அச்சம் ஒரு மாகாணத்தோடு நிற்பதல்ல. 1953இல் சென்னை ராஜ்யத்தில் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன? கிராமத்து ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரப் படிப்புப் போதும். மிச்ச நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்பது. வக்கீல் மகனும் மிராசுதார் மகனும் பட்டணத்துப் பள்ளியில் முழு நேரம் படிக்க, வண்ணார் மகன் துணி வெளுக்கவும் குயவர் மகன் மண் பிசையவும் போக வேண்டும்! 'குலக்கல்வி' என்று ஜனங்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். சட்டசபை பிளந்தது, ஆளுங்கட்சியே பிளந்தது. 1954இல் ராஜாஜி விலகினார். பின்வந்த காமராஜ் மந்திரி சபை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அன்று மலபாரும் சென்னை ராஜ்யத்தின் ஒரு ஜில்லாதான். ஆகவே பள்ளிக்கூடத்தின் பேரில் அரசியல் அணிகள் பிரிவது கேரளத்துக்கும் புதிதல்ல.

மசோதாவில் இருந்தது என்ன?

1957 ஏப்ரல் 5ஆம் தேதி தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் மந்திரி சபை பதவியேற்றது. கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி. இலக்கிய விமர்சகர், நெடுங்காலம் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், பிறப்பால் கிறிஸ்தவர். மதத்தின் விரோதி என்று இவருக்குத்தான் பட்டம் சூட்டினார்கள்!

அவர் கொண்டுவந்த கல்வி மசோதா சொன்னவை எவை? ஆசிரியரின் சம்பளத்தை அரசாங்கம் நேரே ஆசிரியர் கையில் கொடுக்கும். பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்ந்தெடுத்த பட்டியலிலிருந்துதான் உதவி பெறும் பள்ளிகள் ஆசிரியரை நியமிக்க வேண்டும். அரசுப் பணிகளுக்குரிய இட ஒதுக்கீடு அந்தப் பட்டியலுக்கும் பொருந்தும். நிர்வாகம் சீர்கெட்ட பள்ளியை அரசு ஏற்று நடத்தலாம். ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக வேண்டும்.

இதிலே கம்யூனிசம் எங்கே இருக்கிறது? தனியார் பள்ளியின் ஆசிரியர் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு தொகையைக் கையில் வாங்கிய காலம் அது. மானேஜரின் முகம் சுளித்தால் மறுநாள் வேலை இல்லை. பொதுமக்களின் வரிப் பணத்தில் சம்பளம், நியமனமோ மானேஜரின் இஷ்டம் என்பதை ஒழுங்குபடுத்துவது எந்த நாகரிக அரசும் செய்யக்கூடிய காரியமே. 1940களில் திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமஸ்வாமி அய்யர் ஆரம்பக் கல்வியை அரசின் கீழ்க் கொண்டுவர முயன்றபோதும் இதே பள்ளி நிர்வாகிகளின் எதிர்ப்பு எழுந்தது. புன்னப்புரா வயலாரில் தொழிலாளரைச் சுட்டுத் தள்ளிய திவானைக் கம்யூனிஸ்ட் என்று யாராவது சொல்வார்களா?

மசோதாவை ஜனாதிபதி சுப்ரீம் கோர்ட்டின் ஆலோசனைக்கு அனுப்பினார். 1958 மே மாதத்தில் கோர்ட் தன் கருத்தைச் சொன்னது. ஆசிரியர் நியமனத்தையும் சம்பளத்தையும் ஒழுங்குபடுத்தும் விதிகளுக்கு அது தடை சொல்லவில்லை. பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்ளும் விதிகள் சிறுபான்மையோரின் அரசியல் சட்ட உரிமையைப் பாதிக்கின்றன என்றது. மந்திரி சபை என்ன செய்தது? கோர்ட்டை எதிர்த்துக் கூச்சல் போடவில்லை. மசோதாவைத் திருத்தி மீண்டும் நிறைவேற்றியது. 1959 பிப்ரவரியில் ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. சட்டம் கேட்ட எல்லா வாசலையும் கடந்து வந்த சட்டம் அது.

உண்மைக் காரணம்

ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. ஏன்? 1959 ஜூன் 10ஆம் தேதி விவசாய உறவு மசோதா சட்டசபையில் நிறைவேறியது. குத்தகை விவசாயியைக் காப்பாற்றி, நில உடைமைக்கு உச்சவரம்பு கட்டிய மசோதா. இரண்டே நாள் கழித்து, ஜூன் 12ஆம் தேதி, "விமோசன சமரம்" தொடங்கியது. கத்தோலிக்க சபையின் பள்ளி நிர்வாகிகளும் மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் ஒரே மேடைக்கு வந்தார்கள். காங்கிரசும் பி.எஸ்.பி.யும் முஸ்லிம் லீகும் பின்னால் நின்றன. கோயிலும் சர்ச்சும் இவர்களைப் பிரித்திருந்தன. நிலமும் பள்ளிக்கூடமும் இவர்களைச் சேர்த்துவைத்தன. ஜூலை 31ஆம் தேதி அரசியல் சட்டத்தின் 356ஆவது ஷரத்தைப் பிரயோகித்து மத்திய சர்க்கார் மந்திரி சபையை நீக்கியது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கதை நமக்குச் சௌகரியமாக இருக்கும். ஒரு பக்கம் பணக்காரர், மறுபக்கம் ஏழைகள் என்று எழுதி முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் சொல்லாமல் விடுவது தொழிலாளி வர்க்கப் பத்திரிகைக்கு அழகல்ல.

அந்த ஊர்வலங்களில் நடந்தவர்கள் நிலச்சுவான்தார்கள் மட்டுமா? கடற்கரை மீனவர்கள் நடந்தார்கள். ஏழைக் கிறிஸ்தவக் குடியானவர்கள் நடந்தார்கள். குழந்தையை இடுப்பில் சுமந்த தாய்மார்கள் நடந்தார்கள். அங்கமாலியிலும் திருவனந்தபுரம் கடற்கரையிலும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் சாமானிய ஜனங்கள். நம்மோடு நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் சிந்திய ரத்தத்தை எண்ணித் துக்கப்படாதவன் மனிதன் அல்ல.

அவர்கள் ஏன் எதிர்ப் பக்கம் போனார்கள்? 'அறியாமை' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது ஆணவம். சர்க்கார் திரும்பிப் பார்க்காத குக்கிராமத்தில் பள்ளிக்கூடம் கட்டியவர் பாதிரியார். அந்த ஓலைக் கூரைக்குக் கீற்று முடைந்து கொடுத்தவன் அந்த மீனவன். அது அவனுக்கு மானேஜரின் சொத்தாகத் தெரியவில்லை. தன் சபையின் பெருமையாகத் தெரிந்தது. "உன் பள்ளிக்கூடத்தைப் பறிக்க வருகிறார்கள்" என்று பிரசங்க மேடையிலிருந்து சொன்னபோது அவன் நம்பினான். "அண்ணே, பள்ளி உன்னுடையதுதான், வாத்தியாரின் சம்பளத்தைத்தான் மானேஜரின் பெட்டியிலிருந்து மீட்கிறோம்" என்று அவன் குடிசைக்குப் போய்ப் பொறுமையாகச் சொன்னவர்கள் போதுமான அளவில் இருந்தார்களா? சட்டத்தை நிறைவேற்றுவது வேறு. மக்களின் மனத்தில் அதை வேரூன்றச் செய்வது வேறு. வர்க்க நலன் தானாகவே வர்க்க உணர்வாகிவிடாது. இந்தப் பாடத்தைக் கேரளம் நமக்குக் கடும் விலை வாங்கிக்கொண்டு கற்றுத் தந்தது.

இழந்ததும் எஞ்சியதும்

1960 தேர்தலில் கட்சியின் வாக்கு விகிதம் குறையவில்லை. 1957இல் நூற்றுக்கு 35 ஆக இருந்தது 39 ஆக உயர்ந்தது. ஆயினும் எதிர்க்கட்சிகள் ஒன்றாக நின்றதால் இடங்கள் 60இலிருந்து 29 ஆகச் சுருங்கின. புதிய மந்திரி சபை அதே ஆண்டில் கல்விச் சட்டத்தைத் திருத்தி, ஆசிரியர் நியமனத்தை மீண்டும் மானேஜரின் கையில் ஒப்படைத்தது. சம்பளத்தை மட்டும் அரசாங்கம் கொடுத்து வந்தது. இதன் பலன் என்ன? வேலைக்காக 'நன்கொடை' என்ற பெயரில் ஆசிரியர்கள் பணம் கட்டும் வழக்கம் வளர்ந்தது. உதவி பெறும் பள்ளிகள் அரசுப் பள்ளிகளைவிட எண்ணிக்கையில் அதிகமாக உள்ள அந்த ராஜ்யத்தில், பல பத்தாண்டுகளாகத் தலித், பழங்குடி ஆசிரியர்களுக்கு அப்பள்ளிகளில் ஒதுக்கீடு இல்லாமல் போயிற்று. அய்யன்காளி எந்த மக்களின் குழந்தைகளுக்காகப் பள்ளிக் கதவைத் தட்டினாரோ, அந்த மக்களின் படித்த பிள்ளைகள் ஆசிரியர் அறையின் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஒரு சட்டத்தின் ஒரு விதியை இழந்ததன் விலை இது.

எனினும் எல்லாம் வீண்போகவில்லை. ஆசிரியர் இனி மானேஜரின் வீட்டு வேலையாள் அல்ல என்ற நிலையை யாராலும் பின்னுக்குத் தள்ள முடியவில்லை. படிப்பு பிச்சையல்ல, உரிமை என்ற எண்ணம் வேரூன்றியது. எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராகப் பரவி, 1991 ஏப்ரல் 18ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற ராஜ்யமாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே, வாசகர்களே! கல்வியைப் பற்றி அழகாகப் பேசாத கட்சி எதுவும் கிடையாது. 'தரம்' என்பார்கள், 'தகுதி' என்பார்கள், 'பெற்றோரின் சுதந்திரம்' என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு மயங்க வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். பணம் யாருடையது? நியமனம் யார் கையில்? கூலிக்காரன் மகளுக்கு அந்த வாசல் திறக்குமா? இந்த மூன்று கேள்விகளுக்கு ஒருவர் சொல்லும் பதிலில் அவர் எந்த வர்க்கத்தின் பக்கம் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

அதே நேரத்தில் நம்மை நாமே நான்காவதாக ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கூலிக்காரனின் குடிசைக்குள் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவன் பயத்தைக் காது கொடுத்துக் கேட்டோமா? கேட்டிருந்தால் அவன் நம்முடைய ஊர்வலத்தில் நடப்பான். கேட்காவிட்டால் அவனுடைய பெயரால் அவனுக்கு எதிராகவே இன்னொரு 'விமோசனம்' நடத்த ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.