மானின் கழுத்தளவு

கன்றை இழந்த பசுவின் முன் அக்கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து நிறுத்திப் பால் கறத்தல் நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய வழக்கம். தோற்கன்றின் உருவம் எத்துணைக் கோணலாயிருப்பினும் பசு அதனை நக்கிக் கொடுத்துப் பால் சுரக்கும். பசுவுக்கு அது போதும். கல்லூரிக் காட்சிக்கூடத்தில் ஒரு மானின் உருவத்தை நோக்கி நிற்கும் மாணாக்கனுக்கும் அது போதுமோ என்பதே ஈண்டு யாம் எழுப்பும் வினா. போதாது என்பது எம் கருத்து. இறந்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளது போல் நிறுத்தும் தொழிலைப் ‘பாடம் செய்தல்’ என்பர் நம்மவர். அவ்வாறு பாடம் செய்யப்பட்ட உருவம் மெய்யான பாடத்தைக் கற்பிக்க வேண்டுமாயின், தோலைத் தொடுமுன் அளவு எடுத்தல் வேண்டும்.

இத்தொழிலில் எளிதிற் பிழை நேரும் இடம் கழுத்து. மானின் தலையையும் கழுத்தையும் பாடம் செய்வோர் மூன்று அளவுகளைக் கொள்வர். கண்ணின் முன்கோணத்திலிருந்து மூக்கின் நுனிவரை உள்ள நீளம் ஒன்று. செவிகளுக்குச் சற்றுக் கீழே, தலை கழுத்தோடு பொருந்துமிடத்தின் சுற்றளவு இரண்டாவது. அதற்குச் சில அங்குலம் கீழே, கழுத்துப் பருத்துச் செல்லுமிடத்தின் சுற்றளவு மூன்றாவது. இவற்றிற்கு ஒத்த உள்ளுருவைத் தேர்ந்தே அதன்மேல் தோலைப் போர்த்தல் வேண்டும். முற்காலத்தில் வைக்கோலும் பஞ்சும் அடைத்தனர். பின்னர்க் காகிதக் கூழால் வார்த்த உள்ளுரு வந்தது. இக்காலத்தில் இரசாயன நுரையால் வார்த்த, எடை குறைந்த உள்ளுருக்கள் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. பொருள் மாறினும் விதி மாறவில்லை.

அளத்தல் எளிய செயலன்று. நாடாவை இறுக்கினால் ஓர் எண் வரும். தளர்த்தினால் வேறோர் எண் வரும். தூக்கித் தொங்கவிட்ட உடலின் கழுத்து நீண்டு மெலியும். இணைசேரும் பருவத்தில் ஆண்மானின் கழுத்துப் பருத்திருக்கும்; அப்பருவம் கழிந்தபின் சிறுக்கும். ஆகவே எம்மாதத்தில் இறந்தது என்பதும் அளவின் ஒரு பகுதியே. உரித்த ஈரத்தோலோ இழுத்த பக்கமெல்லாம் வரும், அகலத்தில் இழுத்தால் நீளத்திற் குறையும், உலரும்பொழுது சுருங்கும். ஆதலின் உரிப்பதற்கு முன் உடலின்மேல் எடுத்த அளவே நம்பத்தக்கது. உள்ளுரு மிகப் பெரிதாயின் தோல் உலர்ந்தபின் பிடரித் தையல் விரியும். மிகச் சிறிதாயின் தோல் ஒட்டாமல் மடிந்து தொங்கும். இவை எவரும் காணும் குற்றங்கள். எளிதிற் காணவியலாத குற்றமே பெரிது. தோல் சற்று நீண்டு கொடுத்துத் தனக்குப் பெரியதான உள்ளுருவை ஏற்றுக்கொள்ளின், மெலிந்த இளமான் வீறுடைய கலைமானாக நிற்கும். அதன் தையலில் குறை இராது. உருவில் உண்மை இராது.

ஆலந்தலை முதலிய முத்துக்குளித்துறை ஊர்களிற் பிறந்த நம் மாணவர்க்கு இதனை விளக்கத் தொலைவிலுள்ள உவமை வேண்டுவதில்லை. அக்கரையில் முத்துக்களைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. 20 கண்ணுடைய சல்லடை பெருமுத்துக்கு. 1000 கண்ணுடையது மிகச் சிறிய முத்துக்கு. ஒவ்வொரு முத்தும் தனக்குரிய சல்லடையில் தானே தங்கும். முத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டிச் சல்லடையின் கண்ணை மாற்றும் வணிகனை ஊரார் என்ன சொல்வர்? தோலை இழுத்து மானைப் பெரிதாக்குவோனையும் அவ்வாறே சொல்லுதல் தகும். நம் கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று; அச்சல்லடையின் நேர்மையும் அதனோடு போதல் வேண்டுமோ?

அளவறியாது செய்த பாடத்திற்கு உலகறிந்த சான்று லண்டன் மாநகரின் ஹார்னிமன் காட்சிச்சாலைக்கு உரிய வால்ரஸ் என்னும் கடல்விலங்கு. கானடா நாட்டினின்று வந்த அது 1886இல் அந்நகரில் நடந்த பொருட்காட்சியொன்றில் வைக்கப்பெற்றது. வால்ரஸின் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குவது. அதனைப் பாடம் செய்தோர் அவ்வியல்பை அறியாது, மடிப்பெல்லாம் மறையுமளவும் உள்ளே திணித்துவிட்டனர். நூறாண்டு கழிந்தும் அது காற்று நிரம்பிய பைபோன்றே இருக்கிறது. மக்கள் அதன்மேல் அன்பு கொண்டுள்ளனர் என்பது உண்மை. ஆயினும் வால்ரஸின் வடிவத்தைக் கற்க அஃது உதவாது.

இதற்கு மறுதலையாக நம் தென்னாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மைசூரில் வான் இன்கன் குடும்பத்தார் ஏறத்தாழ 1900 முதல் 1999 வரை நடத்திய தொழிற்கூடம் உலகப் புகழ் பெற்றது. புலி, சிறுத்தை முதலியவற்றிற்குப் பல அளவுகளில் அச்சுக்கள் செய்துவைத்து, அவற்றிற் காகிதக் கூழால் உள்ளுரு வார்த்து, தோலுக்கு ஏற்றதைத் தேர்ந்து போர்த்தனர். அத்துணை உயிர்கள் வேட்டையில் மாண்டமையை யாம் புகழவில்லை; அது வருந்தத்தக்கது. கைத்தொழிலின் ஒழுங்கை மட்டுமே ஈண்டு எடுத்துக்காட்டினோம்.

‘ஓரங்குலத்தால் வருவதென்ன? காண்போர் கொம்பையன்றோ நோக்குவர்’ என்று சிலர் கூறுவர். ஒன்று கெட்டால் மற்றொன்று கொணரலாம் என்றிருந்த நாளில் இக்கூற்று ஓரளவு செல்லும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் இது செல்லாது. நம் மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமான்களுக்கென 1987இல் சரணாலயம் அமைந்தது. அவற்றுள் ஒன்று சாலையில் அடிபட்டு இறப்பினும் அவ்வுடல் அரசினுடையது. வனத்துறைக்கு அறிவிப்பதன்றி நாம் அதனை எடுத்துச் செல்லுதற்கில்லை. இச்சட்டம் நன்றே. எனினும் அதன் பயனாகக் கல்லூரிகளிலுள்ள பழைய உருவங்களே இனிவரும் மாணாக்கர்க்கும் பாடமாக நிற்கும். அவற்றிலுள்ள பிழையும் தலைமுறை தலைமுறையாக உடன் நிற்கும்.

தோல் அழியினும் அளவு நிலைக்கும் என்பதை நம் கடற்கரையே காட்டியுள்ளது. 1973 சனவரியில் இக்கரையோரம் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீண்டும் 2016 சனவரியில் மணப்பாடு முதல் ஆலந்தலை வரையுள்ள கரையில் எண்பதுக்கு மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர் அரும்பாடுபட்டுச் சிலவற்றை ஆழ்கடலிற் கொண்டுவிட்டனர். நாற்பதுக்கு மேற்பட்டவை இறந்து மணலிற் புதைக்கப்பட்டன. அவற்றை எவரும் பாடம் செய்யவில்லை. ஆயினும் முன்னைய நிகழ்ச்சியை ஆராய்ச்சியாளர் எண்ணி எழுதி வைத்தமையால் அன்றோ, பின்னைய நிகழ்ச்சி புதிதன்று என்று நாம் அறிந்தோம்? எழுதி வைத்த ஓர் எண் செய்த உதவி இது.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. காட்சிக்கூடத்து ஒவ்வோர் உருவத்தின் சீட்டிலும் அவ்விலங்கு இறந்த இடம், காலம், உடலின்மேல் எடுத்த அளவு ஆகியவை இடம்பெறல் வேண்டும். அளவு எடுக்கப்படவில்லையேல் ‘எடுக்கப்படவில்லை’ என்றே எழுதுதல் வேண்டும். புதிய தோல்களைச் சேர்க்கும் ஆசையை நாம் விடுதல் வேண்டும். மூன்றாவதாக, மாணாக்கர் ஒவ்வொருவரும் அளக்கப் பழகுதல் வேண்டும். இதற்கு மான் வேண்டா. ஊரிலுள்ள வெள்ளாடு போதும். ஒரே ஆட்டின் கழுத்தை மூவர் தனித்தனியே அளந்து எழுதுக. மூன்று எண்களும் ஒத்திருத்தல் அரிது. ஏன் வேறுபட்டன என்று மூவரும் கூடி ஆராயும் அந்த ஒரு நாழிகையில், கண்ணாடிப் பெட்டியின் முன் ஓராண்டு நின்றாலும் கிட்டாத கல்வி கிட்டும்.

மாணவ நண்பர்களே! நாடா விலை குறைந்தது. எழுதுகோல் உங்கள் கையில் உளது. நாம் விரும்பும் உருவத்திற்கு உண்மையை இழுத்துப் பொருத்தும் பழக்கம் மானின் தோலோடு நிற்பதன்று. ஆய்வுக்கூடத்திலும் வரலாற்றேட்டிலும் அது நுழையும். முன்னர் அளப்போம், அளந்ததை அளந்தபடியே எழுதுவோம், உருக்கொடுத்தல் அதன் பின்னர் ஆகுக.