மேற்கோள் குறியை யார் போட வேண்டும்?

எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை டிசைன்களின் பெயரில் இடைவெளி சாதாரணம். மயில்கண் பார்டர், கோபுர பார்டர், மாங்காய் புட்டா... சேலையைப் படம் எடுத்து கம்ப்யூட்டரில் சேமிக்கும்போதும் அதே பெயர்தான் வைக்கிறார்கள். 'ஃபைல் பெயரில் ஸ்பேஸ் விடாதீர்கள், அண்டர்ஸ்கோர் போடுங்கள்' என்று அறிவுரை சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை.

லினக்ஸில் ஒரு புரோகிராமை நேரடியாக இயக்காமல், அதைக் கூப்பிடுவதற்கென்றே சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைப்பது வழக்கம். ரேப்பர் ஸ்கிரிப்ட் என்பார்கள். படங்களைச் சிறிதாக்க ஒவ்வொரு முறையும் அளவு, தரம் எல்லாம் டைப் செய்ய யாருக்குப் பொறுமை? அவற்றை ஸ்கிரிப்டில் எழுதிவிட்டு, ஃபைல் பெயரை மட்டும் கொடுக்கிறோம். அதையும் "மயில்கண் பார்டர்" என்று மேற்கோள் குறிக்குள் கவனமாகத்தான் கொடுக்கிறோம். வரும் பதில்: 'மயில்கண்' என்ற ஃபைல் இல்லை, 'பார்டர்' என்ற ஃபைல் இல்லை!

குறி போட்டும் ஏன் இப்படி? நாம் போட்ட குறி ஷெல்லுக்கு மட்டும்தான். அது இரண்டு சொல்லையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, குறியைக் கழற்றிவிட்டு ஸ்கிரிப்டிடம் தருகிறது. ஸ்கிரிப்ட் அதை $* என்று எழுதி அனுப்பினால் இடைவெளியில் மறுபடி துண்டாகிவிடும். "$*" என்று போட்டால் வேறு வம்பு: மூன்று ஃபைல் கொடுத்தாலும் ஒட்டி ஒரே பெயராக்கிவிடும். "$@" என்று எழுதினால்தான் கொடுத்தது கொடுத்தபடி போய்ச் சேரும். குறியில்லாத $@ உதவாது, அதுவும் உடைக்கும். ஒரே பெயர் என்றால் "$1". (விண்டோஸ் பேட்ச் ஃபைலில் %* என்பது நாம் டைப் செய்த குறியையும் சேர்த்தே அனுப்பிவிடும்.)

படம் சுருங்கவில்லை என்றால் போகட்டும். அழிக்கிற கமாண்டாக இருந்தால்? 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2 இன்ஸ்டாலரில் இதுதான் நடந்தது. பழைய ஐட்யூன்ஸை அழிக்கும் ஸ்கிரிப்டில் டிரைவ் பெயருக்கு மேற்கோள் குறி போடவில்லை. பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருக்கு டிரைவில் இருந்ததெல்லாம் போனது. ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டது. டிரைவுக்கு அப்படிப் பெயர் வைத்தது அவர்கள் குற்றமா?

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. அதன் மூலம் லினக்ஸ் பல வீடுகளுக்குள் வந்தது. இடைவெளி விடாமல் எழுத வீட்டில் உள்ளவர்களுக்குப் பாடம் எடுப்பதைவிட, ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் இரண்டு குறி போடுவது சுலபம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒரு குழுவே உள்ள ஊர் இது. எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

உங்களிடம் ரேப்பர் ஸ்கிரிப்ட் இருந்தால் இன்றே சோதியுங்கள். எக்கோ கமாண்டை நம்பாதீர்கள். துண்டானதையும் ஓர் இடைவெளி விட்டு ஒட்டி, ஒன்றும் நடக்காதது போலக் காட்டிவிடும். பெயரில் இடைவெளி உள்ள இரண்டு ஃபைல்களை உருவாக்கி, ஒன்றில் மட்டும் இடைவெளியை இரட்டையாக விட்டு, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். அழிக்கும் கமாண்ட் உள்ள ஸ்கிரிப்ட் என்றால், முதலில் பேக்கப்!