பம்பரிற் பட்ட கீறல்

வெள்ளவத்தைக் கடைத்தெருவிலோ, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வண்டிகள் நிறுத்தப்படும் வெறும் வளவிலோ ஒருவர் தமது காரைப் பின்னோக்கிச் செலுத்துகின்றார். 'டொக்' என்றொரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மற்றைய வண்டியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சொந்தக்காரரைக் காணவில்லை. அடுத்து அவர் செய்யக்கடவது யாது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

"இஃதும் ஒரு விபத்தா? பொலிசுக்குப் போனால் அவர்களே சிரிப்பார்கள்" என்று கற்றறிந்த நண்பர்கள் பலர் எம்மிடம் கூறியதுண்டு. ஒரு காலத்தில் இக்கூற்றுக்கு ஓரளவு வலுவிருந்தது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய கார்களுக்குக் கனத்த உருக்குப் பம்பர் இருந்தது. இலேசாக இடித்தால் துணியால் துடைத்துவிட்டுப் போகலாம். (1990களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில் அக்கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின என்பதை இளையோர் நம்பவே மறுக்கின்றனர்.) இன்றைய காரிலோ வெளியே தெரிவது வெறும் பிளாஸ்டிக் உறை. அதன் பின்னே மென்மையான நுரைக்கட்டியும், அதற்கும் பின்னே உலோகச் சட்டமும் உள. உறையைத் தாங்கும் கொளுக்கிகளும், பின்செல்லும்போது ஒலியெழுப்பும் உணரிகளும் அங்கேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. பிளாஸ்டிக் உள்வாங்கி மீண்டும் பழைய வடிவுக்கு வந்துவிடும். வெளியே ஒன்றுமில்லைப் போலிருக்க, உள்ளே கொளுக்கி முறிந்திருக்கலாம்.

அமெரிக்க அரசாங்கம் 1973ஆம் ஆண்டுக் கார்கள் தொட்டு முன் பம்பர் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்கவேண்டுமென விதித்தது. 1982இல் அதனை இரண்டரை மைலாகக் குறைத்தது. இரண்டரை மைல் என்பது முதியவர் ஒருவர் கோயில் வீதியை வலம்வரும் வேகம். தரிப்பிடத்து மோதல்கள் பெரும்பாலும் இதனையொட்டிய வேகத்திலேயே நிகழ்வன. ஆகவே, "சின்னக் கீறல்தானே" என்று தீர்ப்புக் கூறும் தகுதி இடித்தவருக்கு இல்லை என்பது எமது அபிப்பிராயம்.

சட்டம் கூறுவதையும் பார்ப்போம். எமது நாட்டின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், விபத்து நேர்ந்தவிடத்துச் சாரதிக்குரிய கடமைகளை வகுத்துள்ளது. நம்மவர் பிள்ளைகள் பலர் வாழும் பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. பிறர் வண்டிக்குச் சேதம் விளைந்து, பெயர் விலாசம் கொடுக்க இயலாதுபோனால், 24 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அறிவித்தல் வேண்டும். தூணில் இடித்துத் தன் வண்டிக்கு மாத்திரம் சேதம் விளைவித்துக்கொண்டவரை அச்சட்டம் இவ்வாறு கட்டாயப்படுத்துவதில்லை.

காப்புறுதி விஷயத்திலேதான் நம்மவர்க்குக் குழப்பம் மிகுதி. அறிவித்தல் வேறு, நட்டஈடு கோரல் வேறு. கோரிக்கை செய்யாதவருக்குக் கிடைக்கும் கட்டணக் கழிவு போய்விடுமே என்றஞ்சிப் பலர் வாய்திறப்பதில்லை. சிறு செலவைத் தம் கையாற் கொடுத்து அக்கழிவைக் காத்துக்கொள்வதில் யாதொரு வஞ்சகமும் இல்லை. ஆயினும், மற்றவர் ஒரு மாதங் கழித்துப் பெருந்தொகை கேட்டு எழுதினால், "அன்றே ஏன் அறிவிக்கவில்லை?" என்று காப்புறுதிக்காரர் கைவிரிக்க இடமுண்டு. பத்திரத்திலுள்ள சிறிய எழுத்துக்களை முன்னரே வாசித்து வைத்தல் நன்று.

எமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், இவ்வாறு இடித்த காரின் கண்ணாடியில் தம் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்தார். மறுநாள் சொந்தக்காரர் பேசினார். நன்றி கூறினாரல்லர், ஒரு பக்கம் முழுவதற்கும் பெயின்ற் அடித்துத் தரவேண்டும் என்றார். பழைய கீறல்களும் அதற்குள் அடக்கம்! இரண்டு கிழமை வழக்காடிப் பாதிச் செலவில் முடிந்தது. "இனிமேல் எழுதமாட்டேன்" என்று அவர் சொன்னபோது அவரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் தவறவிட்டது ஒன்றுண்டு. புறப்படுமுன் இரு வண்டிகளையும், பழைய கீறல்கள் தெரியும்படி, கைத்தொலைபேசியிற் படம் எடுத்திருக்கலாம். சீட்டில் வண்டி இலக்கத்தையும் நேரத்தையும் சேர்த்தெழுதி, அங்கு நின்ற காவலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு இவ்வளவு நீண்டிராது.

இடிபட்டது முச்சக்கர வண்டியாயின் கணக்கு வேறு. உடைந்த விளக்கின் விலை சிலவேளை பெரிதாக இராது. ஆனால் வண்டி கராச்சில் நிற்கும் நாளில் அவர் வீட்டுக்கு வருமானமில்லை. விளக்கின் விலையை மாத்திரம் நீட்டிவிட்டு விரைந்து செல்வோர் அந்நாட் கூலியையும் கேட்டறிந்து கொடுப்பாராக.