மிச்சத்தைக் கொடுப்பது அன்னதானம் அல்ல

கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் கடைசியில் எழும் குரல் இது: “மீந்ததை ஏதாவது ஆசிரமத்துக்குக் கொடுத்துடுங்க. வீணாகாது, புண்ணியமும் சேரும்.” அண்டா அண்டாவாகச் சோறு மீந்த உறுத்தல் அத்தோடு தீர்ந்துவிடுகிறது. இந்த நம்பிக்கையை நான் எதிர்க்கிறேன். அடுத்த கல்யாணத்திலும் அளவு மீறிச் சமைக்கத் துணிச்சல் தருவது இதுதான்.

அண்டாவில் நிற்பது ஒரு பங்குதான். மற்றது இலையில் கிடக்கிறது. விருந்தாளி உட்காரும் முன்பே இனிப்பு, வடை, கூட்டு, பொரியல், பச்சடி என்று இலையை நிரப்பிவிடுகிறோம். சர்க்கரை நோயாளிக்கும் ஜாங்கிரி, பல் முளைக்காத பிள்ளைக்கும் வடை. கை படாவிட்டாலும் மடித்த பிறகு அது எச்சில் இலை. எந்த ஆசிரமமும் அதை வாங்காது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாய்க் குவிந்த குப்பையில் இப்படிப்பட்ட சோறும் அழுகி மீத்தேனாகியிருக்கிறது.

சரி, அண்டாவில் இருப்பதையாவது கொடுக்கலாமே என்பார்கள். வரவேற்பின் கடைசிப் பந்தி எழ இரவு பத்தரை ஆகும். ஆசிரம விடுதிப் பிள்ளைகள் அதற்குள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். மாலையில் வடித்த சோறும் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அதுவரை புழுக்கத்தில் கிடந்திருக்கும். ஆறிய சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி, திரும்பச் சூடாக்கினாலும் அழியாத நஞ்சை விடக்கூடியது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சோற்றைப் போடுவோமா? உபரி உணவைக் கொடுப்பதற்கென்றே 2019இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. மண்டபத்தில் அதை யார் நினைக்கிறார்கள்?

மீந்த உணவை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கும், கோவையில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகளின் தொண்டு பெரிது. ஆனால் எல்லாம் கைமீறிய பிறகு நாட வேண்டியவர்களை நம்பியே நாம் உலை வைக்கிறோம்.

“சாப்பாடு பத்தலை” என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற மானப் பிரச்சினைதான் வேர். ஐந்நூறு பேர் வருவார்கள் என்று தெரிந்தும் அறுநூறு இலை சொல்கிறோம். குறைந்தால் பெயர் கெடும் என்று சமையல் காண்ட்ராக்டரும் தன் பங்குக்குக் கூட்டி வைக்கிறார். வழி அவரிடமே இருக்கிறது. அரிசியை ஒரே மூச்சில் வடிக்காமல், பந்தி நகர்வதைப் பார்த்து அடுத்த உலை வைக்கச் சொல்லுங்கள். ஆள் உட்கார்ந்த பிறகு, கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். இருபத்தைந்து வகையைப் பன்னிரண்டாகக் குறையுங்கள். யாரும் பசியோடு எழமாட்டார்கள்.

வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு பசித்தவருக்காகவே எரிகிறது. யாரோ உண்டு மீந்ததை அங்கே பரிமாறுவதில்லை. கொடுக்க ஆசையிருந்தால், கூட்டிச் சொல்லும் அந்த நூறு இலைக்கான பணத்தில் விடுதிப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சமைக்கச் சொல்லுங்கள். அதே சமையல்காரர், அதே இனிப்பு. முதல் பந்தி உட்காரும் நேரத்தில் அவர்களுக்கும் சூடாகப் போய்ச் சேரட்டும்.