வலியோடு உழைப்பவரைச் சந்தேகியாதிருங்கள்



"ஆராதனையில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாதவருக்கு, கொட்டகையில் வண்டி பழுதுபார்க்க மட்டும் முதுகு ஒத்துழைக்கிறதா?" வேறொரு சபையைச் சேர்ந்த ஒரு சகோதரரைக் குறித்து அண்மையில் என் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். அந்தச் சகோதரருக்காக ஜெபித்தவர். அவர் வீட்டுக்கு உணவு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஆயினும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. வேலை செய்ய முடிகிறதென்றால் வலி அவ்வளவு உண்மையானதாக இராது என்பதே அத்தீர்ப்பு. அது தவறு என்று நான் கருதுகிறேன். முதுகு, மூட்டு, நரம்பு என்று பல ஆண்டுகளாக வலியோடு வாழ்பவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். ஆகையால் இவ்வாரம் இதை உங்கள்முன் வைக்கிறேன்.

அந்தச் சகோதரரின் அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். கிடங்கில் வேலை செய்தபோது முதுகெலும்பில் அடிபட்டவர் அவர். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் வலி அவரை விட்டுப் போகவில்லை. பழைய வேலைக்குத் திரும்பவும் இயலவில்லை. இப்போது தம் வீட்டுக் கொட்டகையில், நீரிலும் நிலத்திலும் செல்லக்கூடிய பழைய ஆறு சக்கர வண்டிகளைப் பழுதுபார்த்து மீட்டெடுக்கிறார்.

இத்தகைய வண்டிகளை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். எனினும் நாம் வாழும் ஒன்டாரியோவுக்கும் அவற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஜிகர் என்னும் சிறு வண்டி கனடாவில் உருவாயிற்று. 1962-இல் தொடங்கப்பட்ட, நியூ ஹாம்பர்க் ஊரைச் சேர்ந்த ஒன்டாரியோ டிரைவ் அண்ட் கியர் நிறுவனம், 1967-இல் ஆர்கோ என்னும் வண்டியை வெளியிட்டது. அமெரிக்காவில் ஆம்ஃபிகேட், அட்டெக்ஸ், மேக்ஸ் முதலிய பெயர்களில் பல வண்டிகள் தோன்றின. 1968-இல் ஒளிபரப்பான பனானா ஸ்ப்ளிட்ஸ் என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆம்ஃபிகேட் வண்டிகள் ஓடியதைக் கண்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. ஆனால் 1970-களிலேயே இந்நிறுவனங்களில் பெரும்பாலானவை மறைந்துபோயின. ஆர்கோ போன்ற சிலவே நிலைத்தன. ஆகவே பழைய வண்டி ஒன்றுக்கு உதிரிப் பாகம் வேண்டுமென்றால் கடையில் கேட்டு வாங்குவது அரிது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையேல் தாமே செய்துகொள்ள வேண்டும்.

வண்டியின் அமைப்பு எளியது. படகு போன்ற பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் உடல். அதன் இருபுறமும் மும்மூன்று பருத்த டயர்கள். கார் டயரில் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று இருக்குமானால், இவற்றில் இரண்டு அல்லது மூன்று பிஎஸ்ஐ மட்டுமே இருக்கும். சேற்றில் புதையாமல் செல்வது அதனால்தான். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. இரண்டு நெம்புகோல்களே உண்டு. ஒன்றை இழுத்தால் அப்பக்கத்துச் சக்கரங்கள் தடைபட, வண்டி அப்பக்கமாகத் திரும்பும். எஞ்சினின் விசையைச் செயின்கள் ஆறு சக்கரங்களுக்கும் கொண்டுசேர்க்கின்றன. தண்ணீரில் இறங்கியதும் சுழலும் டயர்களின் பள்ளங்களே துடுப்புகளாகி, மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டியைத் தள்ளிச் செல்லும்.

ஐம்பது ஆண்டுகள் வெட்டவெளியில் கிடந்த வண்டி எந்நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். செயின்கள் துருவேறி இறுகியிருக்கும். ஆக்சில்களைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும். அவ்வழியே நீர் புகுந்து பேரிங்குகளைத் தின்றிருக்கும். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்திருக்கும். உடலில் விரிசல்கள் ஓடியிருக்கும்.

முதுகு வலிக்காரருக்கு இது ஏற்ற வேலையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் எப்படிச் செய்கிறார் என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். கொட்டகையில் நுழைந்ததும் ஒரு சமையலறைக் கடிகாரத்தை இருபது நிமிடங்களுக்குத் திருப்பி வைக்கிறார். அது ஒலித்ததும், கையிலுள்ள நட் பாதி கழன்றிருந்தாலும், ஸ்பானரை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். வலி வந்து நிறுத்தும்வரை அவர் காத்திருப்பதில்லை. வண்டியைத் தாங்கிகளின்மேல் இடுப்பளவுக்கு உயர்த்தி வைத்திருக்கிறார், குனிவதில்லை. எஞ்சினைத் தூக்கவேண்டிய நாளில் அண்டை வீட்டார் வருகிறார்கள்.

இது அவர் கண்டுபிடித்த முறை அன்று. வலி மருத்துவம் கற்றுக்கொடுத்த முறை. வலியால் வாடுகிறவர், சற்று நலமாக உணரும் நாளில் தேங்கிய வேலையெல்லாம் செய்து முடிக்க முயல்வார். அடுத்த மூன்று நாட்கள் எழ முடியாமல் கிடப்பார். பின்பு அச்சத்தால் ஒன்றுமே செய்யாதிருப்பார். உடல் மேலும் தளரும். இந்தச் சுழலை உடைக்க, வலி சொல்லும்போது நிறுத்தாமல், முன்னதாக வகுத்த அளவின்படி உழைத்து, அளவின்படி ஓய்வதே வழி என்று வில்பர்ட் ஃபோர்டைஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1976-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். கேட்பதற்கு எளிது. கடைப்பிடிக்க மிகுந்த மன அடக்கம் வேண்டும்.

பழைய இயந்திரம் இந்த ஒழுங்குக்கு இசைந்து கொடுக்கிறது. துருவேறிய போல்ட்டுக்கு இன்று எண்ணெய் விட்டால் நாளைதான் அது இளகும். ஃபைபர் ஒட்டு இறுகும்வரை அதன்மேல் கைவைக்கக் கூடாது. அவர் படுக்கையில் கிடக்கும் நேரத்திலும் எண்ணெய் துருவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்து நாட்கள் அவர் வராதுபோனாலும் வண்டி முகம் சுளிப்பதில்லை. விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. சம்பளத்துக்குச் செய்யும் வேலை அப்படிக் காத்திராது. ஆராதனையும் காத்திராது. ஒன்றரை மணி நேரம் ஒரே இருக்கையில், நடுவில் எழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் இடத்தில் அமர்ந்திருப்பது, இருபது நிமிடம் நின்று செயினைச் சுத்தம் செய்வதைக் காட்டிலும் அவருக்குக் கடினமானது. நாம் கேட்ட கேள்விக்கு உரிய விடை இதுவே. கொட்டகையில் அவர் விரும்பிய நேரத்தில் படுத்துக்கொள்ளலாம். நம் ஆலயத்தில் படுத்துக்கொள்ள இடமில்லை.

வலியைப் பற்றியும் நாம் சிறிது அறிந்திருக்க வேண்டும். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டாற்றிய டாக்டர் பால் பிராண்டை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். தொழுநோயாளிகள் விரல்களை இழந்ததற்குப் பெருங்காரணம், வலியை உணராத கைகள் தீயிலும் கூர்மையிலும் காயப்பட்டுக்கொண்டே இருந்ததுதான் என்று அவர் எடுத்துக்காட்டினார். வலி ஓர் ஈவு என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்த உண்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அதை எல்லா வலிக்கும் பொருத்திப் பேசுவதில் ஆபத்து இருக்கிறது. காயத்தை அறிவிக்கும் வலி காவல்காரனின் மணி போன்றது. திருடன் போன பின்பும் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் மணியை என்னவென்று சொல்வது? மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் வலியை மருத்துவ உலகம் நாள்பட்ட வலி என்று தனியே வகைப்படுத்துகிறது. திசுக்கள் ஆறிய பின்பும் நரம்பு மண்டலமே வலியை எழுப்பிக்கொண்டிருக்கக்கூடும். அப்படிப்பட்ட வலியைச் சுமப்பவரிடம் போய், "இதுவும் ஓர் ஈவுதான்" என்று நாம் சொல்லலாகாது.

மற்றோர் உண்மையும் உண்டு. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இருவர் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். மெல்சாக் நம் நாட்டின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். முதுகுத் தண்டில் ஒரு வாயில் போன்ற அமைப்பு இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அதைத் திறக்கவோ சாத்தவோ செய்யும் என்பது அவர்கள் கருத்து. அந்தக் கோட்பாட்டில் பின்னர் திருத்தங்கள் ஏற்பட்டன. ஆயினும் கவனமும் அச்சமும் மகிழ்ச்சியும் வலியின் அளவை மாற்றுகின்றன என்பது நிலைபெற்ற உண்மை. ஆகவே கார்புரேட்டரைப் பிரித்து அதன் நுண்துளைகளை ஊதிச் சுத்தம் செய்யும் அந்த இருபது நிமிடங்களில் வலி சற்றுப் பின்னே நிற்குமானால், அது வலி பொய் என்பதற்குச் சான்றாகாது. ஒரு மனிதன் அதனோடு வாழக் கற்றுக்கொண்டதற்கே சான்று.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலிக்குரிய தன் வரையறையைத் திருத்தியபோது, தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று குறிப்பிட்டது. அந்தச் சங்கம் உருவாக முன்னின்ற ஜான் பொனிக்கா, மல்யுத்தம் புரிந்து பொருளீட்டி மருத்துவம் படித்தவர்; அதனால் வந்த வலியை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர். 1953-இல் வலி மருத்துவத்துக்கு அடித்தளமான பெருநூலை எழுதியதும் அவரே. அவ்வளவு எழுதினாரே, வலி எங்கே இருந்திருக்கும் என்று அவரைக் கேட்பீர்களா?

பவுலை நினைத்துப் பாருங்கள். தம் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை மன்றாடியவர் அவர். அது நீக்கப்படவில்லை. அதே பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. அவர் தைப்பதைக் கண்ட ஒருவர், "கை நன்றாக ஓடுகிறதே, முள் இருப்பது மெய்தானா?" என்று கேட்டிருந்தால் நாம் அதை ஏற்போமா? யோபுவின் நண்பர்களையும் நினையுங்கள். ஏழு நாட்கள் அவர்கள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் நல்லது அது ஒன்றே. வாய் திறந்து காரணம் தேடத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்.

ஆகையால் உங்களிடம் சில காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். வலியோடு வருகிறவரிடம், "குணமாகிவிட்டதா?" என்று வாரந்தோறும் கேளாதிருங்கள். இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வது, தம் விசுவாசம் போதவில்லை என்று ஒப்புக்கொள்வதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், பதிலைக் கேட்டு, யோசனை சொல்லாமல் நில்லுங்கள். ஆலயத்தின் பின்வரிசையில் நிற்கவும் நடக்கவும் இடம் விடுவோம். எழுந்து நிற்பவரைத் திரும்பிப் பாராதிருப்போம். சபைப் பணிகளிலும், பாதியில் வைத்துவிட்டு மீண்டும் எடுக்கக்கூடியவற்றை அவர்களுக்குக் கொடுப்போம். ஒன்றும் கொடாமல் ஒதுக்கிவைப்பது இரக்கம் ஆகாது.

வலியைச் சுமக்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கைகளுக்கு இன்பம் தரும் வேலை எதுவாயினும், அதற்காக வெட்கப்படாதேயுங்கள். அளவு வகுத்துச் செய்யுங்கள். நல்ல நாளிலும் அந்த அளவைத் தாண்டாதிருங்கள். அது மருந்துக்கு ஈடல்ல என்பதையும் மறவாதிருங்கள். முதுகு வலியோடு கால்கள் திடீரென மரத்துப்போனாலோ பலவீனமானாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமற்போனாலோ, அது பழைய மணி அன்று. அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த வண்டிகளில் ஸ்பிரிங் கிடையாது. நிலத்தில் ஓடும்போது டயர்களின் மென்மையைத் தவிர அதிர்ச்சியைத் தாங்க வேறொன்றும் இல்லை; ஒவ்வொரு மேடும் பள்ளமும் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் இறங்கும். ஆகையால் தாம் மீட்டெடுத்த வண்டியில் அச்சகோதரர் காட்டுவழியே செல்வதில்லை. பிறர் ஓட்டிப் பார்க்கிறார்கள். குளத்தில் மட்டும் அவர் ஓட்டுகிறார். கரையை விட்டு இறங்கியதும் அதிர்வு அடங்கி, வண்டியையும் அவரையும் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அதற்காக அவர் ஒரு வண்டிக்கு இரண்டு ஆண்டுகள் உழைக்கிறார். அது எனக்கு வீண் வேலையாகத் தோன்றவில்லை.

நம் சபை அந்தத் தண்ணீரைப்போல் சிலரையாவது தாங்கட்டும். வலியோடு இந்த வாரத்தைத் தொடங்குகிற ஒவ்வொருவருக்கும் கர்த்தர் அன்றன்றைக்கு வேண்டிய பெலனைத் தந்தருள்வாராக. ஆமென்.